கரை எங்கே இருந்தது? சென்னை முதல் தூத்துக்குடி வரை ஏழு நாள்

முதல் நாள், சென்னை

எங்கள் ஆயா பிறந்த தெரு இப்போது கடலுக்குள் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, காசிமேட்டைத் தாண்டி இருந்த தெரு. "வாசல்ல நின்னா மணலு. அதுக்கு அப்பால வலை காயும். அதுக்கும் அப்பாலதான் தண்ணி" என்பார். எவ்வளவு தூரம் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். அவ்வளவுதான் பதில். ஆயா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் கை காட்டிய தூரம் ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்குமா என்று தேடத்தான் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக் கிளம்பியிருக்கிறேன். போகிற ஊரிலெல்லாம் ஒரே கேள்வி: கரை முன்பு எங்கே இருந்தது, அதை யார் எழுதி வைத்தார்கள்?

முதலில் எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் கட்டிய சிவப்புக் கட்டடம். கம்பெனிக் காலத்துக் காகிதங்கள் 1670களிலிருந்து இங்கே இருக்கின்றன. டச்சுக்காரர்களும் டேனிஷ்காரர்களும் விட்டுப்போன தாள்களும் உண்டு. பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது. 'கடற்கரை' என்று தேடினால் எதுவும் அகப்படாது. உப்பு வரி, சங்கு ஏலம், கப்பல் சேதம், துறைமுகச் செலவு, காட்டுக் குத்தகை என்று தேடவேண்டும். பணம் கைமாறிய இடத்தில்தான் கடலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எத்தனை ரூபாய் என்று எழுதவந்த குமாஸ்தா, ஏன் இந்த வருடம் குறைந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார். மணல் மூடியது, மழை பொய்த்தது, அலை உடைத்தது. அந்த ஒரு வரிக்காக இருநூறு பக்கம் புரட்டவேண்டும். புரட்டலாம், தப்பில்லை.

எனக்கு வேண்டியது துறைமுகத்தின் கதை. 1876இல் கடலுக்குள் கை மாதிரி நீளும் இரண்டு கற்சுவர்கள், அதாவது கற்கரங்கள், கட்ட ஆரம்பித்தார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றை உடைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். அதற்குள் இன்னொன்று தெரிந்துவிட்டது: தெற்குக் கரத்துக்குப் பக்கத்தில் மணல் சேர்ந்துகொண்டே போகிறது.

காரணம் எளியதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அலை சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பும். கூட்டிக் கழித்தால் வருடம் முழுக்க நடப்பது வடக்கு நோக்கிய பயணம். குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் தெற்கே மணல் தேங்கும், வடக்கே வரவேண்டிய மணல் வராது. அலை மட்டும் வரும்.

தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய மெரினா. 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அன்று கடலுக்குப் பக்கத்தில் நின்றது. மாலையில் அதன் வாசலிலிருந்து தண்ணீர்வரை நடந்து பார்த்தேன். மணலில் கால் புதையப் புதைய, போய்க்கொண்டே இருந்தேன். இந்த மணலில் ஆயாவின் வாசல் மணலும் இருக்கிறது. நமக்கு ஒரு மெரினா கிடைத்ததற்கு வடக்கே எத்தனை தெரு போயிற்று என்ற கணக்கு அந்த இருநூறு பக்கத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. குப்பத்து வீட்டுக்கு வரி இல்லை. அதனால் அதைப் பற்றி எழுதிய ஒரு வரியும் இல்லை.

இரண்டாம் நாள், புதுச்சேரி

காலையில் கடற்கரைச் சாலையில் இறங்கியதும் கருங்கல்தான் கண்ணில் பட்டது. பழைய பிரெஞ்சு அஞ்சலட்டைகளில் இதே இடத்தில் அகலமான மணல், அதில் படகுகள், 1866இல் கட்டிய இரும்புப் பாலம். அந்தப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. மணல் அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் போனது. 1980களின் பின்பாதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகக் கரங்கள் கட்டினார்கள். சென்னையில் நடந்ததேதான், நூறு வருடம் கழித்து. ஊர்க்கரை மணலை இழந்தது. கல்லைக் கொட்டினார்கள். கல் போட்ட இடம் தப்ப, அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம் பக்கம் போயிற்று. 2018இல் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுத் தடுப்பு வைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. குழந்தைகள் அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக் காகிதங்களில் எழுதப்பட்டிருந்த பாடம் 150 கிலோமீட்டர் தெற்கே வந்து சேர ஒரு நூற்றாண்டு போதவில்லை. இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1955இல் தொடங்கியது. ஓலைச்சுவடிகளுக்குப் பேர் போன இடம். அங்குள்ள சைவச் சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் ஏறின. நான் போனது உலர்செடித் தொகுப்புக்காக. இருபதாயிரத்துக்கு மேல் தாள்கள். செடியை உலர்த்தி ஒட்டி, மூலையில் ஊர், தேதி, என்ன மாதிரி நிலம் என்று எழுதியிருப்பார்கள். அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் மணல்மேட்டில்தான் படரும். ஆக, ஒரு தாளில் அடம்பு ஒட்டியிருந்தால், அந்தத் தேதியில் அந்த ஊரில் மணல்மேடு இருந்தது என்று பொருள். வரைபடம் போடாமலே கரையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு சாட்சி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டையும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டேன். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை குண்டு போட்டார்கள் என்பது முதல் ஊர்வம்புவரை எல்லாம் அதில் உண்டு. கடலை அவர் பார்த்தது கப்பலுக்காகத்தான். பரவாயில்லை, பார்த்தாரே.

அப்புறம் வீராம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம் மணல் போகிற திசையைக் கேட்டேன். "தெண்டி ஓடுனா வடக்க போவும், வன்னி ஓடுனா தெக்க போவும். தெண்டிதான் ஜாஸ்தி" என்றார். தெண்டி என்பது தெற்கிலிருந்து வரும் நீரோட்டம், வன்னி வடக்கிலிருந்து வருவது. முதல் நாள் நான் பத்தி பத்தியாக எழுதிய விஷயம், அவருக்கு ஒரு மூச்சு.

மூன்றாம் நாள், தரங்கம்பாடி

மாசிலாமணிநாதர் கோயில் எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். கல்வெட்டு இந்த ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதி, கொட்டிய கற்களுக்குப் பின்னால் நிற்கிறது. கரை எங்கே இருந்தது என்ற என் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எந்த ஆவணத்திலும் கிடைக்காது. கடலுக்குள் போய்விட வேண்டும் என்று யாரும் கோயில் கட்டுவதில்லை. 1306இல் இங்கிருந்து கிழக்கே தெருவும் மணலும் நிறைய இருந்திருக்கவேண்டும்.

1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் கேட்டு வாங்கி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதிய பொன் ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனபோது காகிதங்களும் பிரிந்தன. ஒரு பங்கு சென்னைக்கு, பெரும்பங்கு கோபன்ஹேகனுக்கு. 1706இல் வந்த சீகன்பால்குவும் பின்வந்த பாதிரிமார்களும் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில். 1730களிலேயே இங்கிருந்து காற்றையும் மழையையும் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கரையின் பருவநிலை எப்படி இருந்தது என்று ஆராய்ந்தவர்களுக்கு அந்தக் குறிப்புகள் கைகொடுத்தன. ஊரில் மிச்சம் இருப்பது கோட்டைக்குள் ஒரு சிறு அருங்காட்சியகம். இந்த ஊர்ப் பிள்ளை தன் ஊர் மழையைப் பற்றிப் படிக்க ஜெர்மன் கற்கவேண்டும்.

ஆனால் இந்த ஊரிலிருந்து போனவற்றுள் என்னை மிகவும் நெகிழவைத்தது மீன். கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் 1771 முதல் இங்கே இருந்தவர். மீனவர்கள் கொண்டுவருகிற மீன்களை வாங்கிச் சாராயத்தில் ஊறவைத்து, பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மீன் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கூடவே தமிழ்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கு நண்பரின் பெயரால் 'ஜோனியஸ்' என்று பெயர் வைத்தார். நம்முடைய கத்தாழை மீன்தான் அது. அதில் ஓர் இனத்துக்கு 1793இல் வைத்த பெயர் 'ஜோனியஸ் கருட்டா'. கருத்த கத்தாழையின் 'கருத்த'. உலகம் முழுக்க மீன் படிக்கிறவர்கள் இன்றுவரை அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். பிளாக் சேர்த்த மீன்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் புட்டிகளில் இருக்கின்றன.

புட்டியில் ஜானின் பெயர் இருக்கும், பிளாக்கின் பெயர் இருக்கும். மீனைப் பிடித்து, இது கருத்தது, அது ஆனைக்கத்தாழை என்று பிரித்துச் சொன்ன ஆளின் பெயர் இருக்காது. பாகுபடுத்தியது அவர்தானே?

சாயந்தரம் மீன் விற்கிற அக்காவிடம் கருத்த கத்தாழை இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னிக்கு வெள்ளக் கத்தாழதான் விழுந்துச்சு. கருத்தது வேணும்னா காலைல வா" என்றார். இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்தும் அதே சொல். பெர்லின் புட்டிக் கதையைச் சொன்னேன். "சாராயத்துலயா? பாவம், கொழம்பு வெச்சிருக்கலாம்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நான்காம் நாள், தஞ்சாவூர்

இன்று குறைவாகத்தான் எழுதுவேன், உடம்பு அசதி. சரசுவதி மகால் நூலகத்தில் மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்தில் உள்ள, துணியில் கட்டிய ஆவணங்களைப் பற்றிக் கேட்டறிந்தேன். மராத்தியர் காலத்துச் சத்திரங்களின் வரவு செலவு, தானம், நில வருமானம் எல்லாம் அவற்றில் உண்டு. கடல் இல்லாத ஊரில் கடற்கரையின் கணக்கு. மோடி எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது கடலோரத்துச் சத்திரக் கட்டுகளை மட்டும் எடுத்து, பயிர், வெள்ளம், புயல் என்று வருகிற வரிகளைத் தொகுத்தால் எப்படி இருக்கும்! அப்படி ஒரு வேலைக்கு ஆயுளைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள், முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையிலிருந்து படகு. கோரையாற்றில் போகப் போக இரண்டு கரையிலும் அலையாத்தி. சதுப்புநிலம் மொத்தம் ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். 2018 கஜா புயல் முறித்த மரங்கள் சில இன்னும் எலும்பாக நிற்கின்றன. கீழே இளங்கன்றுகள் வந்துவிட்டன.

இந்தக் காட்டின் கதையை ஆவணம் இல்லாமல் யாரும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. காடு ஏன் மொட்டையானது என்ற கேள்விக்குப் பல காலம் ஒரே பதில்தான் சொல்லிவந்தார்கள்: ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து பிச்சாவரத்திலும் இங்கேயும் ஆராய்ந்தபோது வேறு விடை கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே காட்டைக் கூப்பு என்ற வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முறை வைத்து முழுக்க வெட்டியிருக்கிறார்கள். அரசாங்கத் திட்டத்தின்படி, விறகு வருமானத்துக்காக.

முழுக்க வெட்டிய இடத்தில் என்ன ஆகும்? சேற்றில் நேரடியாக வெயில் அடிக்கும். ஈரம் வற்றி மண் சுருங்கி அமிழும். நடுவே பள்ளமாகி ஒரு தாம்பாளம் மாதிரி ஆகிவிடும். ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத் தண்ணீர் வற்றத்தில் வெளியேறாது. தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போகும். விதை விழுந்தாலும் முளைக்காது. பூட்டிவிட்டு மாட்டைத் துரத்தினால் காடு வருமா?

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், இருபக்கமும் கிளைகள். அலைத் தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது, சரிவுகளில் கன்று நட்டார்கள். படகோட்டி அண்ணன் ஓர் இடத்தில் எஞ்சினை நிறுத்தி, "இது எங்க ஆளுங்க வெட்டுன வாய்க்கா. எங்கப்பாவும் வெட்டுனாரு" என்று காட்டினார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மரம். வெட்டியவன் என்ற பழியைச் சுமந்த ஊர், வாய்க்கால் வெட்டிய ஊராக மாறிவிட்டது. அந்தப் பழியை இறக்கிவைத்ததில் கூப்புக் கணக்குக்கும் பங்கு இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்ல வெட்கமில்லை.

ஆறாம் நாள், வழியில்

பகல் முழுக்க பஸ். தொண்டி, ராமநாதபுரம், கீழக்கரை. மண்டபம் போக நேரமில்லை, அது வருத்தம்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கி, 1949இல் அங்கே வந்து, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை தலைமையகம் மண்டபம்தான். மன்னார் வளைகுடாவில் என்ன இருந்தது என்று இன்று நாம் ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த வருடங்களில் எடுத்த கணக்குகளோடுதான். படகுக் கூலிக் கணக்கோ ஏலக் கணக்கோ இல்லாமல், கடலைத் தெரிந்துகொள்வதற்காகவே எழுதிய பதிவுகள் அவை. அடுத்த முறை முதலில் அங்கேதான்.

ஏழாம் நாள், தூத்துக்குடி

இங்கே கடலின் கணக்கு முத்தில் இருக்கிறது. போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர், யார் வந்தாலும் முதலில் கேட்டது முத்துதான். முத்துக்குளிப்பு எல்லா வருடமும் நடக்காது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்திட்டைத்தான் பார் என்பது. தொள்ளாயிரம் பார் போல ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஆளை இறக்கி, எத்தனை சிப்பி, எவ்வளவு பெரியது, என்ன வயது என்று பார்த்து எழுதி, போதுமான அளவு இருந்தால்தான் ஏலத்துக்கு நாள் குறிப்பார்கள். சிப்பி காலியாக இருந்த வருடங்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. காசுக்காக எழுதியதுதான். ஆனாலும் கடலடி எந்த வருடம் எப்படி இருந்தது என்று சொல்லும் நீண்ட தொடர் அது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890களில் இந்த முத்து, சங்குக் குளிப்பு பற்றி எழுதினார். மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே போட்டார். கடைசி முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு இல்லை.

பார்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் தெரியும் இரண்டு உயரமான அடையாளங்கள், மாதா கோயில் உச்சி, ஒரு தனிப் பனை, இப்படி ஏதாவது ஒன்றோடொன்று சேரும் கோட்டில் படகை விட்டால் பார் காலடியில் இருக்கும். அந்தக் கோடுகள் தலைமுறையாக மனசில்தான் இருந்தன. ஆய்வு அதிகாரி பார்த்து எழுதிக்கொண்ட இடங்கள், அவரைக் கூட்டிப்போன தண்டலின், அதாவது படகுத் தலைவரின், தலைக்குள் இருந்தவை.

மதியம் கடற்கரையில் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார்கள். சங்கு குளித்தவர். கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது சின்னப் பையன். காது சரியாகக் கேட்காது, ஆழத்துக்குப் போனவர்களுக்கு வருவதுதான். ஊருக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவைப் பற்றிக் கேட்டேன். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வருடக்கணக்கில் முருகைக்கல்லை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போய், மூழ்கிவிட்ட தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இப்படிப் போனவை இரண்டு; மற்றது பூவரசன்பட்டி. 1986இல் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வெட்டுவது அடங்கியது.

"அதுல எறங்கி நடந்திருக்கேன்ம்மா" என்றார். "சோறு கட்டிட்டுப் போய் அங்க வச்சித் திம்போம். இப்ப போட்டு மேல போவுது. தண்ணி நெறம் மாறும், அத வச்சிக் கண்டுபிடிக்கணும்."

"எவ்வளவு ஆழம் தாத்தா?"

இரண்டு கைகளையும் அகல விரித்தார். எனக்கு அப்படியே ஆயா ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் இவர் நிறுத்தவில்லை. மடக்கி, மறுபடியும் ஒரு முறை விரித்தார்.

"ரெண்டு பாகம்."

ஒரு பாகம் என்பது ஓர் ஆள் கையை விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை. நோட்டை எடுத்துப் பென்சிலால் எழுதினேன்: விலாங்குச்சல்லி, இரண்டு பாகம். இன்றைய தேதி, நேரம், வற்றமா ஏற்றமா என்பதையும் அவரிடமே கேட்டுச் சேர்த்தேன். படித்துக் காட்டச் சொன்னார். காதருகே குனிந்து சத்தமாகப் படித்தேன். "யார் சொன்னான்னு போடலியே" என்றார். அதையும் எழுதினேன்.